தண்ணீரைத் தாண்டிப் போன தூசி

தூரத்தில் எழும் தூசியைப் பார்த்து, அது காட்டுக் கழுதைக் கூட்டமா, கொள்ளையடிக்க வரும் சகர்களின் குதிரைப் படையா என்று உங்களால் சொல்ல முடியுமா? தவறாகச் சொன்னால் முதுகுத் தோல் உரியும். சொல்லாமல் இருந்தால் ஊரே சாகும். கிரேக்கர்கள் ஆண்ட பாக்திரியாவின் வடக்கு மதிலில் பதினோரு ஆண்டுகள் காவல் நின்ற வக்சுதாத்துக்குத் தினமும் இதே கேள்விதான். அந்த மதிலுக்கு மண் மிதித்தவர்களில் அவன் அப்பனும் ஒருவன். கிரேக்கப் படைவீரர்களின் குடும்பங்கள் மதிலுக்கு உள்ளே இருந்தன. மண் மிதித்தவர்களின் வீடும் வயலும் வெளியே.

வாற்கோதுமை அறுப்பு நாள், உச்சி வெயில். கோபுரத்தின் மேல் அவனும் கூட்டாளி ஸ்பிதக்கும் நின்றார்கள். கீழே, தொலைவில், அவன் மனைவி ஆர்மதி நாற்பது நாள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாள். வடக்கே தூசி எழுந்தது.

"டேய் ஸ்பிதக், அங்க பாரு."

"கழுதைதான்டா. போன மாசம் அதுக்குத்தான் நெருப்பு வெச்சு இருவது அடி வாங்கினேன். இன்னும் மல்லாந்து படுக்க முடியல. மருந்து போடும்போதெல்லாம் என் பொண்டாட்டி கழுதை மாதிரி கத்திக் காட்டுறா."

வக்சுதாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டின் ஈரலைப் பார்த்த குறிகாரன், இந்த மாதம் வடக்கில் ஆபத்தே இல்லை என்று சொல்லியிருந்தான். அதை நம்பிய தளபதி திமாந்ரோஸ், தன் அனுமதியில்லாமல் எச்சரிக்கை நெருப்பு மூட்டக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். கோட்டைக்குப் போய் அனுமதி வாங்கி வர அரை நாள் ஆகும். செத்த ஆட்டுக்குத் தெரிந்தது, கண் திறந்து நிற்கும் மனிதனுக்குத் தெரியக் கூடாதாம்!

தூசி வழியில் இருந்த நீரூற்றை நெருங்கியது. வக்சுதாத் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நின்றுவிடு, நின்றுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினான்.

தூசி நிற்கவில்லை.

"இந்த வெயில்ல எந்தக் கழுதைடா தண்ணியப் பாத்தும் நிக்காமப் போகும்? வாயில கடிவாளம் இருக்கு. மேல ஆள் இருக்கான்!"

ஸ்பிதக்கின் முகம் வெளுத்தது. "அப்ப வைடா நெருப்ப!" என்று கத்திவிட்டுப் படிகளில் பாய்ந்து இறங்கினான்.

வக்சுதாத் நெருப்பை மூட்டினான். புகை எழுந்தால் மதில் வாசலில் இருக்கும் நீர்ப்பானையின் அடி ஓட்டையில் உள்ள அடைப்பைப் பிடுங்குவார்கள். நீர் ஒழுகித் தீர்ந்ததும் கதவுக்குத் தாழ். குதிரையில் திரும்பும் வீரனுக்கு அந்த நேரம் போதும். பிள்ளையைச் சுமந்து ஓடுகிறவளுக்குப் போதுமா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஆர்மதி ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். மேலே நின்றவனால் நெருப்பை விட்டு நகர முடியவில்லை. பானை தீர்ந்திருக்கும், இப்போது தாழ் விழும், இதோ இப்போது என்று ஒவ்வொரு மூச்சிலும் அவன் செத்தான். கதவு மூடவில்லை. அவளும், அவளுக்குப் பின்னால் இரண்டு கிழவர்களும் நுழைந்த பிறகுதான் மரம் மரத்தில் மோதும் ஓசை கேட்டது. குதிரைகள் வயலுக்குள் வந்துவிட்டிருந்தன.

சகர்கள் கதிர்க்கட்டுகளை எரித்தார்கள். மதிலை உடைக்க முடியாமல் மாலையில் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் தளபதி நீதி வழங்கினார். அனுமதியின்றி நெருப்பு மூட்டிய வக்சுதாத்துக்கு முப்பது அடி. ஆபத்தில்லை என்று முன்பே சொன்ன குறிகாரனுக்கு வெள்ளிக் கிண்ணம், மதில்தான் விழவில்லையே!

குப்புறக் கிடந்தவன் பக்கத்தில் ஸ்பிதக் வந்து உட்கார்ந்தான்.

"பானை எப்படிடா அவ்வளவு நேரம் ஒழுகுச்சு?" என்று கேட்டான் வக்சுதாத்.

"ஓட்டையில கட்டைவிரல வெச்சு அடைச்சேன். வாசக் காவக்காரன் பாத்துட்டான். பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கச் சிந்தினான், நல்ல மனுசன்."

பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஆர்மதி ஸ்பிதக்கின் கட்டைவிரலைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பானை இன்றும் அதே வாசலில், அதே அளவில்தான் இருக்கிறது. அடுத்த முறை புகை எழும்போது நீங்கள் மதிலுக்கு உள்ளே இருந்தால், ஒளிய இடம் தேடாதீர்கள். வாசலுக்கு ஓடுங்கள். அந்த ஓட்டையில் உங்கள் விரலை வையுங்கள்.