கறுப்பு பீரும் ஒரு கல்லும்

அயர்லாந்தில் நீர்வண்ணம் காயாது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் வெறும் பென்சிலோடு போயிருப்பேன். மலேசியாவில், நான் வழக்கமாக வரையும் கோலசிலாங்கூரில், தூரிகையை எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடும். அயர்லாந்திலோ காலையில் பூசிய பச்சை சாயங்காலம் வரை ஈரமாகவே கிடந்து, பையில் வைத்ததும் அடுத்த தாளில் அப்பிக்கொண்டது. நான் வரைந்த ஆடுகளெல்லாம் இரட்டை ஆடுகளாயின. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமிப்பை உடைத்துப் போன பயணம். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

படம் வரைவதற்கு மட்டும் நான் போகவில்லை. நீர்வண்ணம் தீட்டுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நானும் உண்டு. அதில் என் வயதுடைய ஓர் அயர்லாந்துப் பெண்மணி தன் தாத்தாவின் பழைய ஓவியம் ஒன்றைப் போட்டிருந்தார். மூங்கில் ஓரத்தில் ஓர் ஆறு. தாத்தா ஒரு காலத்தில் சிலாங்கூரில் தோட்டத்துரையாக இருந்தவராம். படத்தின் கீழே எழுதியிருந்த தோட்டத்தின் பெயரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். அது என் அப்பா பிறந்த தோட்டம்.

எண்பதைத் தாண்டிய அப்பா இப்போது ரவாங்கில் என்னோடு இருக்கிறார். புஞ்சாக் ஆலாம் பக்கம் முளைத்த வீடுகள் நகர்ந்து நகர்ந்து அந்தத் தோட்டத்துக்கும் வரப்போகின்றன என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். மண் தள்ளும் இயந்திரம் வருவதற்குள் தன் அப்பாவைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு தடவையாவது படையல் போட வேண்டும்.

எங்கள் தாத்தாவுக்குக் கல்லறைக் கல் கிடையாது. அந்தத் தோட்டத்தில் செத்த யாருக்கும் கிடையாது. மண்மேடு மழையில் கரைந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் மரங்களை அடையாளம் வைத்தார்கள். கோயிலிலிருந்து இத்தனையாவது நிரை, அந்த நிரையில் இத்தனையாவது பால்மரம். விடிந்தது முதல் நிரை நிரையாக ரப்பர் பாலுக்கு மரம் சீவியவர்களுக்கு அதைவிட நிச்சயமான கணக்கு உலகத்தில் இல்லை. மரம் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் ஒருநாள் அதை வெட்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிறகு பால்மரத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு இடைவெளி அதிகம். கணக்கு அதோடு போயிற்று.

துரை நிறையப் படம் வரைந்தவர் என்று அந்தப் பெண்மணி சொன்னார், இடுகாட்டுப் பக்கத்தை ஒரு படமாவது வரைந்திருக்க மாட்டாரா? ஒரு மரம், ஒரு மேடு, கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால் போதும். அந்த ஆசையில்தான் விமானம் ஏறினேன். கிளம்பும்போது அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த ஊரு கறுப்பு பீரு ஒரு போத்தல் வாங்கிட்டு வாம்மா. ஒங்க தாத்தாவுக்குப் படைக்கணும்."

"அது நம்ம ரவாங் கடையிலேயே கிடைக்குதுப்பா."

"அது இங்க காய்ச்சுனது லா. அவரு குடிச்சது கப்பல்ல வந்தது. ஒரே ஒரு தடவதான் குடிச்சாரு. சாவுற வரைக்கும் அந்த ருசியத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு."

அந்தப் பெண்மணி நல்லவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரும் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மேற்குக் கரையோரம் ஊர் ஊராக என்னைக் காரில் ஏற்றிப்போனவர், நான் வரைய நினைத்த எந்த இடத்திலும் வண்டியை நிறுத்தவில்லை. தேவாலயம் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தினார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கல்லறைகளுக்குள் புகுந்துவிடுவார். பாசியைத் துடைத்தால் பெயர் வரும். பாட்டன், முப்பாட்டன், பிறந்தவுடன் செத்த குழந்தைக்குக்கூட ஒரு கல். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் அவர் சிறு பிள்ளை மாதிரி கைதட்டுவார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். உள்ளே வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன.

கடைசியில் அவர் வீட்டில் துரையின் ஓவியங்களை மேசைமேல் பரப்பினார். பங்களா, பங்களாவின் முன்வாசல், பின்வாசல், ஆறு, ஆற்றில் மழை, செம்பருத்தி வேலி. நன்றாகவே வரைந்திருந்தார், அதுவும் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயம் இல்லை. கோயில் இல்லை. பால்மரம் தூரத்தில் ஒரு பச்சைக் கறையாக இருந்தது. மனிதர்கள் ஒருவர்கூட இல்லை.

"ஆட்களையே வரையவில்லையா?" என்று கேட்டேன்.

"தாத்தாவுக்கு மனிதர்களை வரைய வராது" என்றார் அவர், கொஞ்சம் வெட்கப்பட்டு.

எனக்கும் வராது.

பிறகு அவர் ஒரு படத்தை மிகவும் பத்திரமாக எடுத்து என் முன்னால் வைத்தார். செம்பருத்தி வேலியின் அடியில் ஒரு சின்னக் கல். அதில் ஒரு பெயர். துரையின் நாயின் கல்லறை. அந்த நாயைப் பற்றி வீட்டில் இன்னமும் கதை சொல்வார்களாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் தேநீரைக் குடித்து முடித்து, படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, நன்றி சொன்னேன். அன்று என் அறைக்குப் போனதும் தூரிகைகளைப் பெட்டியின் அடியில் திணித்தேன். எங்கள் தாத்தா படுத்திருக்கும் இடம் தெரியவில்லை, நாய் படுத்திருக்கும் இடத்துக்கு வண்ணப்படம் இருக்கிறது. இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன்?

திரும்பி வந்ததும் அப்பாவிடம் அந்தப் படத்தை நான் காட்டவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் போத்தலைக் கொடுத்தேன். அவர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, மறுநாளே கிளம்ப வேண்டும் என்றார்.

தோட்டத்தில் கோயில் இருந்த இடத்தில் ஒரு மேடை மட்டும் மிச்சமிருந்தது. அங்கிருந்து அப்பா நிரை எண்ண ஆரம்பித்தார். ஒரு செம்பனை இடைவெளிக்கு இரண்டு பால்மர நிரை வரும் என்று ஒரு கணக்கு. நடந்து போய் நின்றால் அங்கே சாக்கடை வெட்டியிருந்தார்கள். திரும்பி வந்து வேறு கணக்கு. வெட்டிப்போட்ட மட்டைகளில் தடுமாறி, கொசுக்கடியில் கையை உதறிக்கொண்டு, மறுபடியும் மேடைக்கு. என் பொறுமை போய்விட்டது.

"போதும்ப்பா! துரை வீட்டு நாய்க்கே கல்லு வச்சு, படம் வரைஞ்சு பத்திரமா வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்கள யாருப்பா எண்ணி வச்சா?"

அப்பா நின்றுவிட்டார். "எந்த நாயி?"

கைப்பேசியைக் கொடுத்தேன். வெயிலில் கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பங்களா பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பங்களாவின் கூரை உள்ளே விழுந்து கிடந்தது. செம்பருத்தி வேலி ஆள் உயரத்துக்குக் காடாகியிருந்தது. அப்பா எதையும் எண்ணவில்லை. நேராகப் போய்ப் புதரை விலக்கினார். கல் அங்கேயே இருந்தது. கைத்தடியால் பாசியைச் சுரண்டினார். பெயர் வந்தது.

கல்லுக்கு முன்னால் வாழையிலையை விரித்து, தாத்தாவுக்காகக் கொண்டுவந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் வைக்க ஆரம்பித்தபோதுதான் அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அப்பா, என்னப்பா பண்றீங்க? இது நாயோட கல்லுப்பா!"

"தெரியும்."

"இதுக்குப் போய்ப் படைக்கிறீங்களே! தாத்தாவுக்கு இதவிட அவமானம் வேணுமா?"

அப்பா போத்தலைத் திறந்தார். நுரை பொங்கி விரல்களில் வழிந்தது. கல்லின் அடியில், மண் பார்த்து, மெதுவாக ஊற்றினார்.

"கல்லு நாயோடதுதாம்மா. குழி வெட்டுனது எங்கப்பா. தொர பக்கத்துல நின்னு அழுதாரு. வேல முடிஞ்சதும் உள்ள போயி ஒரு போத்தல் கறுப்பு பீரு கொண்டாந்து எங்கப்பா கையில குடுத்தாரு. இந்தா, இதே எடத்துல குந்திக்கிட்டுத்தான் குடிச்சாரு. அவரு இருந்த எடம்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது, இனிமே இது ஒண்ணுதான்."

காலிப் போத்தலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை.

"கற்பூரம் காருலயே கெடக்குது போல" என்றார் அப்பா.

எடுத்து வரப் போனேன்.