ஸ்டெல்லா அக்காவின் ஐந்து சிவப்புப் புள்ளிகள்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. செங்கலடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பேசியது அவருடைய தம்பியின் மகள். "அங்கிள், மாமி விடியக்குள்ள மோசம் போயிற்றா" என்றாள். இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறை சொல்லவைத்தேன். உண்மையில் முதல் முறையே கேட்டுவிட்டது.

எங்கள் தபாற்கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் முத்திரை விற்கும் பக்கம். அக்கா உள்ளே, தொலைபேசி இணைப்பு அறையில். 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். வாழைச்சேனை மீன் முதலாளி ஒருவர் குரல் கம்ம அழைத்தபோது, "முதலாளி, முதல்ல மருந்தெடுங்க, மறுகா கொழும்போட கதைக்கலாம்" என்று இணைப்புக் கொடுக்காமலே வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு யுத்தத்தில் கம்பிகள் அறுந்து, அந்த அறையைப் பூட்டினார்கள். அக்காவை என் பக்கத்து மேசையில் உட்காரவைத்தார்கள். காதில் மாட்டும் கருவியை மட்டும் அவர் விடவில்லை. மேசையில் வைத்துத் தினமும் துடைப்பார்.

அந்த நாட்களில்தான் என் தம்பி றெஜியைப் பற்றி அவரிடம் சொன்னேன். றெஜி எங்கள் மெதடிஸ்த கோயிலில் கிற்றார் வாசிப்பவன். அவன் வயதுப் பொடியன்கள் கடைக்குப் போய்வந்தாலே வீட்டில் பெருமூச்சு விடும் காலம் அது. லண்டனில் இருந்த எங்கள் சித்தி ஒரு கடிதம் எழுதியிருந்தார். அங்குள்ள இசைக் கல்லூரி ஒன்றுக்கு இரண்டு உருப்படிகளைக் கசற்றில் பதிந்து அனுப்பவேண்டும், வேறு சத்தம் எதுவும் இருக்கக்கூடாது, பிடித்தால் இடம் தருவார்கள் என்று. தம்பி உயிரோடு ஊரைவிட்டு வெளியேற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கசற்தான். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்ட கூட்டிக்கொண்டு வா" என்றார்.

நான் சும்மா போகவில்லை. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் ஒருவரைக் கெஞ்சி, மேடையில் வைக்கும் பெரிய மைக் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பளபளவென்று இருந்தது. அக்காவிடம் இருந்தது வளைகுடாவிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய றெக்கோடரோடு வந்த பெருவிரல் அளவு மைக். உள்ளே ஒரு சின்ன பற்றறி. இரண்டிலும் கொஞ்சம் பதிந்து, மாறிமாறிக் கேட்டுவிட்டுப் பெரியதைக் காட்டினார்.

"இது வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக் கத்துறதுக்குச் செய்தது. ஒரு முழம் தள்ளி வச்சா ஒண்டும் பிடிக்காது. இந்தச் சின்னன் அப்படியில்ல தம்பி, நகம் கம்பில படுறதையும் சொல்லும்."

பெரியதைத் திருப்பிச் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்ததில் எனக்கு நல்ல கோபம்.

அடுத்த கோபம் மைக்கை வைக்கும் இடத்தில் வந்தது. கிற்றாரில் சத்தம் வருவது நடுவில் உள்ள ஓட்டையிலிருந்துதானே, அதற்கு நேரே வையுங்கள் என்றேன். வைத்துப் போட்டுக் காட்டினார். பானைக்குள் இருந்து யாரோ முனகுவது போலக் கேட்டது. பின்பு அக்கா ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, முழந்தாளில் நின்று, வாசித்துக்கொண்டிருந்த றெஜியைச் சுற்றி மெல்ல நகர்ந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு. மூச்சு வாங்கியது. றெஜி சிரிப்பை அடக்க முடியாமல் தாளத்தை விட்டான். "சிரிக்காத, நான் இப்ப மைக்" என்று அதட்டினார். கம்பிகள் கட்டியிருக்கும் பக்கம் சத்தம் வறண்டு கிடக்கிறது என்றார். கிற்றாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளி வந்ததும் நின்றுவிட்டார். "இஞ்சதான் எல்லாம் அளவாக் கேக்குது."

சீமெந்துச் சுவரில் சத்தம் முட்டித் திரும்பியது. வட்டையில் அறுவடையாகி வந்திருந்த நெல்மூட்டைகளை மூவருமாக இழுத்துவந்து சுவரோரம் அடுக்கினோம். மணிக்கூட்டை நிறுத்தினார். ஒரு கதிரையின் முதுகில் குடையைக் கட்டி, அதன் வளைந்த பிடியில் மைக்கை இறப்பர் வளையத்தால் தொங்கவிட்டார். நாளைக்கும் இதே இடம் வேண்டுமே என்று தன் நகப்பூச்சை எடுத்துவந்து, றெஜியின் கதிரைக் கால்கள் நாலுக்கும் நிலத்தில் நாலு புள்ளி வைத்தார். மைக் தொங்கிய இடத்துக்கு நேர்கீழே ஐந்தாவது.

பகல் இரண்டு மணிக்கு, அயலெல்லாம் அயர்ந்து கிடக்கும்போது பதிந்தோம். போட்டுக் கேட்டால், கிற்றார் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்பு றெஜி மூக்கால் மூச்செடுப்பதும் கேட்டது. எனக்குத் தலை வெடித்தது. வேறு சத்தம் இருக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார்களே!

"மூச்சு விடாம ஆர் தம்பி வாசிக்கிறது? அது கழிவில்ல, அவன்தான் அது" என்றார் அக்கா.

"அக்கா, இது விளையாட்டில்ல. அவன்ட உயிர்."

அக்கா கசற்றை வெளியே எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த நாள் நான் சட்டைப்பையிலிருந்த என் லேஞ்சியை நாலாய் மடித்து, றெஜியின் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினேன். முகம் வியர்த்து, கண் சிவந்து, வாசித்து முடித்தான். அவிழ்த்து என் கையில் தந்து, "அண்ணன், லண்டனுக்குப் போனா மூச்சு விடலாம்தானே?" என்று கேட்டான். அப்போது மூவரும் சிரித்தோம். இப்போது அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

கசற் கிடைப்பதே அருமையான காலம். முதல்நாள் பதிந்ததை அழித்துவிட்டு அதிலேயே இரண்டாம் நாளும் பதியும்படி சொல்லியிருந்தேன். "அழிச்சிற்றன்" என்றார் அக்கா. சுத்தமான கசற், கொழும்புக்குப் போன போதகர் ஒருவரின் பையில் போனது.

பதில் வருமுன் றெஜி போய்விட்டான். பஸ்ஸை மறித்து இறக்கிய ஆட்களில் அவனும் ஒருவன். மறித்தவர்கள் யார் என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நானும் அம்மாவும் ஏறாத படியில்லை. இடம் தருவதாகச் சித்தியின் கடிதம் வந்தபோது, அதை வாசிக்க வீட்டில் அவன் இல்லை.

ஒருநாள் அம்மா, "அவன்ட சத்தம் ஒரு சொட்டாவது எங்கயும் இல்லையா மனே?" என்று கேட்டார். அனுப்பிய கசற் அனுப்பியதுதான். நான் கந்தோரில் அக்காவிடம் அதைச் சொல்லி அழுதேன். அன்று மாலையே றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல்நாள் கசற்றை அவர் அழிக்கவேயில்லை. தன்னுடைய பாட்டுக் கசற் ஒன்றை அழித்து அதில்தான் இரண்டாம் நாளைப் பதிந்திருக்கிறார். "நீ அழிக்கச் சொன்ன. எனக்கு மனம் வரல்ல" என்றார்.

அம்மா கிற்றாரைக் கேட்கவில்லை. றெக்கோடரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, "இந்தா, மூச்செடுக்கிறான். இப்ப வாசிப்பான் பாரு" என்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் சொன்னார். கடைசியில் நிமிர்ந்து, "லண்டனுக்குப் போன கசற்றிலயும் இப்படிக் கேக்குமா பிள்ள?" என்று அக்காவைக் கேட்டார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அம்மா. அதிலயும் கேக்கும்" என்றார் அக்கா.

போகும்போது வாசல் படலையடியில் வைத்து என்னிடம், "லேஞ்சிக் கதைய நீ எடுக்காத. அவ அறியத் தேவையில்ல" என்று மட்டும் சொன்னார். அம்மா சாகும்வரை நான் எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. என்னைக் குத்திக்காட்டக்கூட ஒருநாளும் எடுக்கவில்லை. நான் பொல்லாத வாய்க்காரன் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை தரம் அவரோடு சண்டை பிடித்திருப்பேன்! அத்தனையிலும் அந்த ஒன்றை அவர் தொடவில்லை.

அக்காவின் செத்தவீட்டில் கூடம் நிறைய ஆட்கள். அன்று றெஜியைப் பதிந்த பக்கத்து அறைக்குள் போனேன். நிலத்தில் ஐந்து புள்ளிகளும் பளிச்சென்று இருந்தன. "ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு நிலம் கழுவினதும் மாமி புதுசா வைப்பா அங்கிள். ஒரு சாமானையும் அதில வைக்க விடமாட்டா. கேட்டா, கதிரைக்காரன் வருவான் எண்டுவா" என்றாள் தம்பியின் மகள். அக்காவும் றெஜியை எதிர்பார்த்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாவது புள்ளியில் முழந்தாளிட்டேன். ஒரு காதை விரலால் அடைத்தேன். செபம் செய்கிறேன் என்று நினைத்து அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கூடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன், எல்லோரும் மூச்செடுப்பது கதவுக்கு இப்பால் கேட்டது. அங்கேயே இருந்து அழுதேன்.

அவர் காப்பாற்றித் தந்த கசற் என்னிடம் இருக்கிறது. அந்த லேஞ்சியும் இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இனி எனக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை, அக்கா.