முகராமல் வளர்த்த பூ

பால் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டு வடிவின் கணவர் படியிறங்கி வந்து வாசலிலேயே நின்றார். "மாமி, வடிவு போயிட்டா" என்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நம்மோடு உட்கார்ந்து கோயிலுக்குப் பூத்தொடுத்த சண்முகவடிவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய மாடிக்கொடியின் கதை எனக்குத்தான் முழுதாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். மயிலாப்பூருக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் ஊர்ப்பேச்சை அவள் விடவில்லை. கொடைக்கானல் போனபோது ஒரு நாற்றுப்பண்ணையில் கிளமாட்டிஸ் என்ற கொடியைப் பார்த்திருக்கிறாள். கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ, நல்ல வாசனை, ஆனால் மெட்ராஸ் வெயிலுக்கு ஆகாது என்றார்களாம். கேட்காமல் கன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். முதல் கொத்து அம்பாளுக்கு என்று வழியிலேயே நேர்ந்துகொண்டாள்.

மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கின் நிழலில் ஆழமான தொட்டி வைத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டாள். தண்டின் அடியில் உடைந்த ஓடுகளை அடுக்கித் தேங்காய் நாரைப் பரப்பினாள். கயிறு கட்டிக் கொடியை மட்டும் வெயிலுக்கு ஏற்றினாள். இதற்கு ஏன் இத்தனை உபசாரம் என்று கேட்டேன். "தலைக்கு வெயிலு வேணும், காலுக்குக் குளுமை வேணும். நம்மள மாதிரி அடுப்படியில நிக்கச் சொன்னா நிக்காது மாமி" என்றாள்.

கொடி டாங்க் உயரத்துக்கு ஏறிய வருஷம், தை மாதத்தில் அதை ஒட்ட வெட்டிவிட்டாள். மல்லிக்கு நாம் எல்லோரும் செய்வதுதான். தையில் வெட்டினால் பங்குனியில் பூத்துக் கொட்டும். இந்தக் கொடியோ பழைய தண்டில்தான் பூக்குமாம். பங்குனியில் இலை மட்டும் வந்தது. பண்ணைக்காரரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, "எல்லாத்தையும் மல்லின்னே நெனச்சிட்டேன். போவுது, அடுத்த வருசம் பூக்காமலா போயிரும்?" என்று சிரித்தாள். ஆவணியில் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த பங்குனிவரை அவள் இருப்பாளா என்பதே அதன்பிறகு எங்கள் கவலையாயிற்று.

மாசியில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடி ஏற அவளால் முடியவில்லை. நான் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, மொட்டு எப்படி இருக்கிறது என்று தினமும் அவளிடம் சொல்வேன். பங்குனியில் ஒரு மதியம் முதல் கொத்து விரிந்திருந்தது. பறித்து நேரே அவள் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். சாமிக்கு வைக்கப்போகிற பூவை முகரக்கூடாது என்று நாற்பது பேருக்குச் சொல்கிறவள் நான். அன்றைக்கு நானே, "ஒரு தடவை மோந்து பாரேன், அம்பாள் கோவிச்சுக்க மாட்டா" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவ கோவிக்க மாட்டா மாமி. நான்லா நேந்துக்கிட்டிருக்கேன்."

கோயில் நடை சாத்தியிருந்த நேரம். பூவின்மேல் ஈரத்துணியைப் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் தூங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் தூங்கவில்லை. நடை திறந்ததும் ஓடினேன். குருக்கள் அம்பாள் பாதத்தில் வைத்துப் பாதியைத் திருப்பித் தந்தார். இனி அது பிரசாதம், யாரும் முகரலாம்.

வடிவு இரண்டு கையிலும் ஏந்தி, மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஒண்ணும் தெரியலயே மாமி" என்றாள்.

மருந்தோ, நோயோ, வாசனை என்பதே அவளை விட்டுப் போயிருந்தது. எங்கள் யாருக்கும் அது தெரியாது. நான் அழுதுவிடுவேன் என்று பார்த்தாளோ என்னவோ, பூவை என் கையில் கொடுத்து, "நீங்க மோந்து சொல்லுங்க" என்றாள்.

முகர்ந்தேன். "ஊறவச்ச பாதாமைத் தோல் உரிக்கறச்சே வருமே, அது. பின்னால லேசா ஏலக்காய்" என்றேன்.

"மல்லி மாதிரி இல்லையே?"

"துளிகூட இல்லடி."

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மறுவாரம்தான் அவள் கணவர் என் வாசலில் வந்து நின்றது.

கொடியை அவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். தையில் யாரும் கத்தரியோடு மாடிக்கு வராதீர்கள். அவள் போனபிறகு விரிந்த கொத்துகளைத் தினமும் அம்பாளுக்குக் கொடுத்து, பிரசாதமாக வாங்கி முகர்ந்து பார்த்தேன். பாதாம் சரிதான். ஏலக்காய் இல்லை, அது வேறு என்னவோ. அவள் கொண்டுபோனது நான் அவசரத்தில் சொன்ன அந்தப் பாதி வாசனையைத்தான். மீதி என்னிடம் இருக்கிறது.