கடற்கரையில் கழற்றிய தாலி

அம்மாவுக்கு வீசிங் தீர்ந்தது திருவொற்றியூர் ஜெப சபையில்தான். ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றியதும் அதே மாதம்தான் என்று நான் சொன்னால் முறைப்பாள். ராயபுரத்தில் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஞாயிறு பூசை, மாதா திருவிழா, அன்றைக்கு மட்டன் குழம்பு, கொஞ்சம் பிராந்தி, இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வேதம்.

சபையில் அப்படியில்லை. சினிமா, பூ, பொட்டு, நகை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: உலகம். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் உலகத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம் அது. அம்மா கம்மலைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள். தாலி வரைக்கும் போவாள் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவும் நினைத்திருக்க மாட்டார். இல்லாவிட்டால் மாற்றுப் புடவையும் துண்டும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கடற்கரைக்கு வந்து நின்றிருப்பாரா?

அலை காலைத் தொடுகிற இடத்தில் அம்மா தாலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். புறா பதித்தது, எங்கள் கோயிலில் மந்திரித்துக் கட்டியது.

“இந்தாய்யா, நீயே வச்சுக்கோ. நம்ம கல்யாணம் தங்கத்துலயா கீது?”

“நான் உயிரோட கீறப்பவே கயட்டிட்டியேமே,” என்றார் அப்பா. சுற்றிலும் கைதட்டிப் பாட்டு. அவள் காதில் விழுந்ததா, தெரியாது. அவர் விரல்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

அம்மா நல்லவளாகத்தான் மாறினாள், அதையும் சொல்லியாக வேண்டும். தண்ணி லாரி வந்தால் குடத்துக்காகச் சண்டை போடுவதை நிறுத்தினாள். தெருவில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் வெள்ளைப் புடவையோடு முதலில் போய் நின்றாள். ஆனால் வீடு களையிழந்துபோனது. திருவிழாவுக்கு அப்பா தனியாகப் போனார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பழக்கம் விடாமல் மல்லிகைப் பூ வாங்கி வருவார். “மாதாவுக்குத்தான்,” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் படத்துக்குப் போடுவார். கையகலப் படத்துக்கு யாராவது மூன்று முழம் பூ வாங்குவார்களா? அம்மா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும் எனக்கு. தாலி எங்கே என்று அத்தை, அப்பாவின் தங்கை, ஒருமுறை கேட்டபோது, “வித்துட்டேன்,” என்று முடித்துக்கொண்டார். அம்மா அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் வேலையிலிருந்து திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் அவரைக் குளிப்பாட்டிய பெரியப்பா ஈரக் கையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். அப்பா கழுத்தில் எப்போதும் கிடக்கும் உத்தரியம், மாதா படம் ஒட்டிய துணியைக் கயிற்றில் கோத்தது. நனைந்த துணிக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டதாம். தையலைப் பிரித்தால் புறாத் தாலி. அவரே ஊசி நூல் எடுத்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார். கோணல்மாணலான தையல்.

பெட்டியை மூடும் முன் மனைவியின் தாலியை நாத்தனார் கழற்றுவது எங்கள் குடும்ப வழக்கம். அம்மாவிடம் கழற்ற ஒன்றுமில்லை என்பதால் அத்தை அதுவரை ஒதுங்கியே நின்றிருந்தாள். இன்னொரு பக்கம் சபைச் சகோதரிகள், வெள்ளை வெளேரென்று. எல்லோரும் பார்க்க அம்மா பெரியப்பாவிடமிருந்து தாலியை வாங்கி அத்தையிடம் நீட்டினாள்.

“கட்டிவுடு.”

“இன்னாண்ணி சொல்ற? இப்ப போயி கட்டி…”

“கட்டிவுடு. அப்பால கயட்டு. அவுருக்கோசரம் எனக்கும் ஒண்ணு கயட்டணும்.”

அத்தை அந்த ஈரக் கயிற்றிலேயே கோத்துக் கட்டினாள். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, “பாத்துக்கோய்யா,” என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அத்தனை சனிக்கிழமைகளில் ஒரே ஒரு நாள் அவர் கண் திறந்திருக்கும்போது இப்படி வந்து நின்றிருக்கக் கூடாதா? அந்த ஆதங்கம் இன்றும் ஆறவில்லை. அப்படி நின்றிருந்தால் கடவுள் கோபித்துக்கொண்டிருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அத்தை கழற்றியதும் அம்மா தாலியை வாங்கி, அன்றைக்குக் கடற்கரையில் வைத்த அதே கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. அவளே ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.