முருங்கை வீட்டுக்கு வந்த மெயில்

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் லாத்தாவின் போன் தொலைந்தது. எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். புதுப் போன் வாங்கி, பழைய எண்ணையும் மீட்டாயிற்று. மெயில் ஐடி மட்டும் திரும்பவில்லை. லாத்தாவின் கணவர், என் மச்சான், வளைகுடா வேலைக்குப் போன காலத்தில் ஒரு டிராவல்ஸ் கடையில் திறந்து கொடுத்த ஐடி அது. அதை மீட்பதற்கான ஓடிபி அந்தக் கடைக்காரரின் எண்ணுக்குப் போனது. இப்போது கடையும் இல்லை, அந்த எண்ணும் இல்லை.

அந்த ஐடியில் லாத்தாவின் பெயரே பிழையாக இருந்தது. நடுவில் ஓர் எழுத்து கூடுதல், கடைசியில் யாருடைய பிறந்த வருடமோ. லாத்தா தமிழில் எதைக் கொடுத்தாலும் படித்து முடித்துவிடுவார். ஆங்கிலத்தை மட்டும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்துப் பாதியில் விட்டுவிடுவார். யாராவது மெயில் ஐடி கேட்டால் போனை அவர்கள் கையிலேயே கொடுப்பார். இல்லையென்றால் என்னைக் கூப்பிடுவார். நான் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்வார். இத்தனை வருடமும் அப்படித்தான் ஓடியது.

நான் கீழ்வேளூரில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆலைக்கு அதன் பெயரிலேயே மெயில் உண்டு. அதை அமைத்துக் கொடுத்தவர் தஞ்சாவூர்க்காரர், எங்கள் கம்ப்யூட்டருக்கு ஏதாவது என்றால் வந்து பார்ப்பவர். ஒரு வீட்டுக்கு அப்படி வைத்துக்கொள்ள முடியுமா என்று அவரிடம் போனில் கேட்டேன். கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை, டொமைன் என்கிற அந்தப் பெயரை யாரும் வாங்கலாம் என்றார். வேண்டுமானால் தமிழிலேயே வாங்கலாம் என்றும் சொன்னார். நான்தான் காதில் தப்பாக வாங்கிவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன்.

"அட் குறிக்கு முன்னாடியும் தமிழ், பின்னாடியும் தமிழ் சார். கடைசியில இந்தியாங்கறதும் தமிழ்லயே வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். மச்சான் பெயரை வைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். லாத்தாவோ கொல்லைப் பக்கம் பார்த்தபடி, தெருவில் நம் வீட்டை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டார். கொல்லை முழுக்க முருங்கை. கீரை கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆட்டோக்காரருக்கும் கூரியர்காரருக்கும் அது முருங்கை வீடுதான். டொமைன் விற்கும் தளத்தைத் திறந்தேன், தேடும் கட்டத்தில் அந்தப் பெயரையே லாத்தா தன் விரலால் தமிழில் தட்டினார். திரையில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி, கிடைக்கிறது என்று பச்சையில் வந்தது.

"உலகம் பூராவுமா தேடிச்சு?"

"ஆமா லாத்தா."

"ஒருத்தருமா இந்தப் பேர எடுக்கல?"

இந்த வீட்டு மனைக்குப் பட்டா மாற்ற நாங்கள் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தோம் என்பது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. இங்கே பெயர், விலாசம், போனுக்கு வந்த ஓடிபி, கார்டில் பணம். உலை கொதிப்பதற்குள் அந்தப் பெயர் எங்களுடையதாகிவிட்டது. லாத்தா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் வேலை. தமிழ் எழுத்தை ஏற்கும் ஒரு மெயில் சேவையை தஞ்சாவூர்க்காரர் சொல்லியிருந்தார். இந்த வீட்டுக்கு வரும் மெயிலையெல்லாம் அங்கே சேர்க்கவும் என்று டொமைன் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். நீளநீளமான வரிகளை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினேன். அப்போது திடுக்கென்றது. திரையில் முருங்கை வீட்டைக் காணோம். அந்த இடத்தில் எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகள். தப்பான பெயரை வாங்கிவிட்டோமோ என்று பயந்து தஞ்சாவூர்க்காரருக்குப் போன் செய்தேன்.

அதுவும் நம் பெயர்தான் என்று விளக்கினார். இணையத்தின் பழைய பாதைகளுக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியுமாம். அதனால் தமிழ்ப் பெயர் வழியில் இந்த உருவத்தில் போய், சேர வேண்டிய இடத்தில் மறுபடி தமிழாகிவிடுமாம். எல்லா இடத்துக்கும் தகவல் பரவக் கொஞ்சம் நேரமாகும் என்றும் சொன்னார். "மேட்டூர்ல தண்ணி தொறந்தா ஒடனே கடைமடைக்கு வந்துடுதா சார்? இருங்க, வரும்."

சாப்பிட்டோம். லாத்தா தொழுதுவிட்டு வந்தார். அவர் பெயரில் தமிழிலேயே ஓர் ஐடி திறந்து அவர் போனில் சேர்த்துவிட்டு, என் ஐடியிலிருந்து ஒரு வரி எழுதி அனுப்பினேன். அவர் கையிலிருந்த புதுப் போன் சின்னதாக ஒலித்தது. பெறுநர் என்ற இடத்தில் அவர் பெயர், அடுத்து அட், அடுத்து முருங்கை வீடு. யாரும் எடுத்துக் கொடுக்காமல் லாத்தா அதை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசித்தார். எழுத்தைக் கூட்டவில்லை, நிறுத்தவில்லை. பிறகு இன்னொரு தடவை, உள்ளுக்குள். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழே அறியாத எத்தனையோ இயந்திரங்கள் இந்தப் பெயரை அடையாளம் கண்டு கைமாற்றி, இந்த அடுப்படிவரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

மச்சானுக்கு லாத்தாவே எழுதினார். மச்சானுடைய ஆபீஸ் மெயில் தமிழ் முகவரியை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டது. மச்சானின் சொந்த ஐடிக்கு மறுபடி அனுப்பினோம். மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதை லாத்தா எனக்குக் காட்டவில்லை. அறைக்குள் போய்ப் படித்துவிட்டு வந்தார். "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் ஒம் மச்சான் எம் பேர ஒழுங்கா எழுதியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு வங்கிக்கு அவரோடு போனேன். தகவலைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மெயில் ஐடி என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டதும், லாத்தா பேனாவை வாங்கித் தமிழில் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அப்படி ஆகும் என்று தெரிந்துதான், அதே பெட்டிக்கு வந்து விழும்படி ஆங்கில எழுத்தில் ஒரு முகவரியும் வைத்திருந்தோம். இந்த முறை எழுத்துப் பிழை இல்லை, வருடமும் இல்லை. அதைக் கொடுத்தோம், வேலை முடிந்தது.

ஆனால் அந்தப் பெண் தமிழில் எழுதிய தாளை விடவில்லை. இது நிஜமாகவே போகுமா என்று கேட்டார்.

"அனுப்பித்தான் பாருங்களேன்" என்றார் லாத்தா.

அந்தப் பெண் தன் போனை எடுத்து, தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் லாத்தாவின் போன் ஒலித்தது. 'வணக்கம் அக்கா' என்று இருந்தது. லாத்தா போனைத் திருப்பி அவருக்குக் காட்டினார். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.