அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதியது

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரோடு பழகிய உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். எனக்கு அந்தத் தகுதி உண்டா என்று இப்போதும் கூச்சமாகவே இருக்கிறது.

அப்பா எங்கள் தீவு நாட்டின் வரதோலியில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படித்து, அரசாங்கக் குடிநீர் அலுவலகத்தில் வேலை கிடைத்து நவுசோரிக்கு வந்தார். எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்கு எதிராக நடந்த முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த வேலை போயிற்று. உறவினர் பலர் நாட்டை விட்டு விமானம் ஏறினார்கள். அப்பா ஒரு பழைய வேனை வாங்கிக் குழாய் வேலை தொடங்கினார். வேனில் தம் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று வீட்டில் ஒரே பேச்சு.

"பிளம்பர்னு போட்டா எவன் மதிப்பான்? மேனேஜிங் டைரக்டர்னு போடுங்கண்ணே" என்றார் சித்தப்பா. ஆபீஸ் வேலை போன வெட்கத்தில் அப்பாவும் அப்படியே எழுதினார்.

முதல் பெரிய வேலை ரேவா ஆற்றோரப் பூர்வகுடிக் கிராமம் ஒன்றில். ஊர்க் கூடத்துக்குக் குழாய் போட வேண்டும். ஊருக்குள் நுழையும் முறைப்படி, கரைத்துக் குடித்தால் மயக்கம் தரும் யங்கோனா வேர் கொண்டுபோனார். ஊர்த் தலைவர் சார்பில் அதை வாங்கிய ஊர்ப் பேச்சாளர், வேனில் இருந்த பதவியை உரக்க அறிவித்தார். அவ்வளவுதான், அப்பாவைத் தலைவர் பக்கத்தில் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். கொட்டாங்கச்சியில் யங்கோனா வந்துகொண்டே இருந்தது. அத்தனை பெரியவர் எழுந்து போய்ப் பள்ளம் தோண்ட முடியுமா?

"உங்க ஆளுங்க எப்ப வருவாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நாளைக்கு."

மறுநாள் அரைக்கால் சட்டையும் மண்வெட்டியுமாகப் போய் இறங்கியதும் அப்பாதான்.

"மேனேஜிங் டைரக்டர் எங்கே?" என்றாராம் பேச்சாளர்.

"நேத்து குடிச்ச யங்கோனாவுல அவர் இன்னும் எழுந்திருக்கலை. நான் அவரோட ஆளு."

ஊரே சிரித்தது. சிரித்தவர்களே கூட வந்து தோண்டினார்கள். அன்று மாலை அப்பா அந்த வரியை அழித்துவிட்டு, 'குழாய் வேலை' என்று எழுதினார். அதுதான் எங்களைப் படிக்க வைத்தது. அடுத்த கவிழ்ப்பின்போதும் அவர் நாட்டை விட்டுப் போகவில்லை.

போனவள் நான். பிரிஸ்பேனில் கைக்குழந்தையோடு, வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். நோயில் கிடந்த அப்பாவிடம், விசிட்டிங் கார்டு அடித்ததைத் தொலைபேசியில் சொன்னேன்.

"என்னன்னும்மா போட்டிருக்கே?"

"டைரக்டர்னுப்பா."

"வேலைக்கு எத்தனை பேரு?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப பாப்பாவை டைரக்டர்கிட்ட குடுத்துட்டு நீ வேலையைப் பாரு."

இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் முகம் எரிந்தது. சிறு வயதிலிருந்து அந்தக் கிராமத்துக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா நான்.

இறுதிச் சடங்குக்கு அந்த ஆற்றோர ஊரார், துக்க வீட்டுக்குப் பாய் கொடுக்கும் தங்கள் வழக்கப்படி, பாய்களோடு வந்தார்கள். முதுமையடைந்துவிட்ட பேச்சாளர், "நீ என்னம்மா வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டார். கைப்பையில் கார்டுகள் இருந்தன. "கணக்கு எழுதறேன், மாமா" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று அப்போதும் தெரியவில்லை. அவர் நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.

அவர்களுக்கும், நோயில் துணை நின்ற அண்டை வீட்டாருக்கும், எல்லாச் செலவையும் ஏற்ற சித்தப்பாவுக்கும் எங்கள் வணக்கம். மலரின் அட்டையில் அப்பாவின் பெயருக்குக் கீழே 'குழாய் வேலை' என்றே போட்டிருக்கிறேன். சித்தப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மூத்த மகள்
கணக்கு வேலை