இழுத்துப் பார்க்காத சக்கரம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணுதரம்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். எதையும் மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பட்டம் அது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம். கணினியில் இயந்திரங்களுக்குப் படம் வரைவது பிழைப்பு. அங்கேயும் இதே கதைதான்.

உருளைத் தண்டு ஒன்று, அது நுழைய வேண்டிய துளை ஒன்று. இரண்டையும் தொட்டு 'ஒரே அச்சு' என்று கட்டளை கொடுத்தால், சொடக்குப் போடும் நேரத்தில் ஒரே கோட்டில் வந்து நின்றுவிடும். பார்க்க எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் அச்சு மட்டும் சேர்ந்த சக்கரம் தண்டின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டிருக்கும். கூம்புத் தண்டு என்றால் கேட்கவே வேண்டாம். எந்த இடம் வரை போய் உட்கார வேண்டும் என்று அதற்குத் தனியாகச் சொல்லித் தொலைக்க வேண்டும். சொன்னோமா இல்லையா என்று பார்க்க, அவள் சக்கரத்தைச் சுட்டியால் பிடித்து இழுப்பாள். மூன்று தரமும் அசையாவிட்டால்தான் அடுத்த வேலை.

அவள் கணவன் அதே கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் ஃபிட்டர். படத்தில் அவள் சேர்ப்பதை அவன் இரும்பில் சேர்ப்பான். அவளைக் கேலி செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"பூட்டு கையோட வந்துடப் போகுது, விடும்மா. உனக்கு மரை கழண்டுடுச்சா?" என்பான்.

அன்று அவன் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டான். புகையை உறிஞ்சித் தள்ளும் ஆளுயர விசிறி ஒன்று தயாராகியிருந்தது. ஒன்பது மணிக்கு அதை முதல்முறையாக ஓட்டிப் பார்க்கிறார்கள். எட்டே காலுக்கு அவள் வீட்டைப் பூட்டினாள். ஒரு தரம் இழுத்தாள். இரண்டாவது தரம் இழுத்தாள். மூன்றாவதற்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த விசிறிச் சக்கரத்தை அவள் இழுத்துப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று உயிரை வாங்கினார். அச்சைச் சேர்த்தாள். சக்கரம் கூம்பில் உட்கார்ந்துவிட்டது போலக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இடத்தை வைத்தே, சக்கரத்தை இறுக்கும் நட்டுக்கான மரை எங்கே முடிய வேண்டும் என்றும் குறித்து அனுப்பிவிட்டாள். அந்தக் கண்மதிப்பு ஒரு மில்லிமீட்டர் பிசகியிருந்தால் போதும். மரை முடிந்த இடத்தில் நட்டு நின்றுவிடும், சக்கரம் கூம்பில் இறுகாது; ஓட்டினால் ஆடி உடைந்து தெறிக்கும். முடுக்குகிறவன் கைக்கு மட்டும் நன்றாக இறுகிய மாதிரியே இருக்கும். முடுக்கியவன் அவள் கணவன்.

போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷெட்டுக்குள் போகிறவர்கள் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மேனேஜரும் எடுக்கவில்லை. பேருந்தில் ஏறினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இயந்திரம் ஓடினாலும் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பான். அந்தச் சாய்ந்த தலையை நினைத்தபடியே, பேருந்து நிற்பதற்குள் குதித்து இறங்கினாள்.

"அடையாள அட்டை எங்கம்மா?" என்ற காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஷெட்டில் மேனேஜரின் கை சுவிட்சின் மேல் இருந்தது. கணவன் விசிறிப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றான்.

"போடாதீங்க!" குரல் கிறீச்சிட்டது.

"மூணுதரம் வந்தாச்சு டோய்" என்று யாரோ சிரித்தார்கள். கணவனுக்கு முகம் சிறுத்துப் போனது. ஸ்பானரை எடுத்து நட்டில் மாட்டிக் காட்டினான். "பாரு, கல்லு மாதிரி இறுகியிருக்கு."

"நட்டைப் பாக்காதீங்க. சக்கரத்தை இழுத்துப் பாருங்க. படத்துல தப்பு இருக்கு. நான் பண்ணின தப்புதான்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் மேனேஜர் முன்னால் அதைச் சொன்னாள்.

அவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. "போதுமா?"

"இன்னொரு தரம்."

இழுத்தான். அசையவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கை கூப்பாத குறையாக நின்றாள். மூன்றாவது தரம் அவன் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

'டக்' என்றது. சக்கரம் கூம்பை விட்டு நழுவி நட்டில் வந்து மோதியது.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். கணவன் சக்கரத்தை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மதியம் அவள் பழைய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடப் படங்கள். அவசரத்தில் விட்டது இது ஒன்றுதானா என்று யார் சொல்ல முடியும்? பின்னால் கிரீஸ் வாடை வந்தது. கணவன் நின்றுகொண்டிருந்தான்.

"காலையில வீட்டைப் பூட்டினியே, இழுத்துப் பாத்தியா?"

"ரெண்டு தரம்தாங்க."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வா," என்றான். "போய் இன்னொரு தரம் இழுத்துப் பாத்துட்டு வந்துடலாம்."